'நாங்க'வுக்கு ஒரு குட்டி வார்த்தை

ஸ்நேஹா: நாலு மணிக்கு மூடிடுவா மீனு. இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

மீனாட்சி: எதை? என் கடையை நான் ஒன்பதுக்குத்தான் மூடுவேன்.

ஸ்நேஹா: ஓட்டெடுப்பை. எதைச் சொல்றேன்னு உனக்கு நன்னாத் தெரியும்.

மீனாட்சி: கொஞ்சம் இரு… எண்பது சென்டி ப்ளவுஸ் பிட்டு வெட்டிட்டிருக்கேன். கத்தரி கோணிச்சுன்னா இந்தம்மா அடுத்த தடவை எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க… ஆங், இந்தாங்கம்மா. வெளிய வெயில்ல புடவையோட வச்சுப் பாத்துட்டுப் போங்க. ட்யூப்லைட்ல எல்லாப் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். ஷகீலாக்கா, இவங்களுக்குப் பில் போட்டுடுங்க.

ஷகீலா: இன்னா ஓட்டு ஸ்நேகாம்மா? எலீக்சனா? எங்க வூட்டுக்கு ஸ்லிப்பே வர்லியே.

ஸ்நேஹா: அந்த ஓட்டு இல்லை ஷகீலாக்கா. வார்த்தைக்கு ஓட்டு.

ஷகீலா: வார்த்தைக்கா!

மீனாட்சி: நாங்க சனிக்கிழமை சனிக்கிழமை மத்தியானம் இந்தக் கல்லாவுக்குப் பின்னாடி உக்காந்து பேசிட்டிருப்போமே, லோஜ்பான்னு ஒரு பாஷை… அதுக்குத்தான்.

ஷகீலா: அதுவா? நீங்க ரெண்டு பேரும் ஏதோ மலையாளம் கத்துக்கினு கீறீங்கன்னு நெனச்சேன்.

மீனாட்சி: மனுசங்க உக்காந்து யோசிச்சுச் செஞ்ச பாஷைக்கா. யாருக்கும் தாய்மொழி கிடையாது. இலக்கணத்துல 'இது மட்டும் விதிவிலக்கு'ன்னு ஒண்ணும் இருக்காது. ஒரு வாக்கியத்தைப் பிரிச்சா ஒரே மாதிரிதான் பிரியும்.

ஷகீலா: அத்தப் பேசி இன்னா பண்ணுவீங்க?

மீனாட்சி: சண்டை போடுவோம். வேறென்ன.

ஸ்நேஹா: மீனு…

மீனாட்சி: சரி, நீயே சொல்லு. நீதானே இப்பப் பெரிய ஆளு.

ஸ்நேஹா: இதுல என்ன பெரிய ஆளு? ஷகீலாக்கா, உலகம் பூராவும் சேத்து எங்க குழுவுல இருபத்திமூணு பேர். அந்த பாஷையை எங்களுக்குத் தோதா கொஞ்சம் திருத்தி வச்சுண்டிருக்கோம். அதுல குட்டி வார்த்தைன்னு ஒரு வகை. ஒரு மெய், ஒரு உயிர், அவ்வளவுதான். 'மி'ன்னா நான். 'டோ'ன்னா நீ. இந்த மாதிரி இருக்கற குட்டி எல்லாம் ரொம்பிப் போச்சு. புதுசா ஒரு அர்த்தத்துக்குக் குட்டி வார்த்தை வேணும்னா, பழசு ஒண்ணு எடத்தைக் காலி பண்ணணும்.

ஷகீலா: நம்ம முன் ரேக்கு மாதிரி. கேக்கறது கைகிட்ட, கேக்காதது மேல பரண்ல.

ஸ்நேஹா: …ஆமா. அதே மாதிரி.

மீனாட்சி: ஏன் மென்னு முழுங்கறே? இந்த ரேக்கைப் பாத்துதானே நாம குட்டி வார்த்தை பத்திக் குழுவுக்கு அந்தக் கட்டுரையே எழுதினோம்.

ஸ்நேஹா: நான் இல்லைன்னு சொன்னேனா?

மீனாட்சி: நீ எங்க சொல்றே. நீ ஒண்ணுமே சொல்றதில்ல.

ஷகீலா: இப்ப யாரு காலி பண்றது?

ஸ்நேஹா: 'ஸு'ன்னு ஒரு வார்த்தை. 'ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி'ன்னு அர்த்தம். நாலு வருஷத்துல நாப்பது தடவைகூட யாரும் சொல்லலை. அதை நீளமாக்கி அனுப்பிடலாம்னு எல்லாரும் ஒத்துண்டாச்சு. அந்த எடத்துக்கு இப்ப ரெண்டு பேர் போட்டி. ரெண்டும் இப்ப கொஞ்சம் நீளமா இருக்கற வார்த்தை. ஒண்ணு 'மிஹோ', இன்னொண்ணு 'மிஹா'.

ஷகீலா: ரெண்டும் ஒண்ணு மாதிரியே கீதே.

மீனாட்சி: 'மிஹோ'ன்னா நாம. நீயும் நானும். 'மிஹா'ன்னா நாங்க. நானும் வேற யாரோவும், நீ கிடையாது.

ஷகீலா: அய்ய, இதுல இன்னா கஷ்டம்? எங்க வூட்டுக்காரு வந்து 'நாங்க சாப்ட்டோம்'னு சொன்னா நான் பட்டினின்னு அர்த்தம்.

மீனாட்சி: பாத்தியா ஸ்நேஹா! ஷகீலாக்காவுக்கு அரை நிமிஷம். உங்க குழுவுல இங்கிலீஷ்காரங்களுக்கு இது புரிய ரெண்டு மாசம் ஆச்சு.

ஸ்நேஹா: 'உங்க' குழுவா? நீயும் அதுலதானே இருக்கே.

மீனாட்சி: இருக்கேனா? பேரு இருக்கு… ஷகீலாக்கா, மூணு டீ சொல்லிட்டு வாங்க. எனக்குச் சக்கரை கம்மி. இவளுக்கு… இப்பவும் டீதானா, இல்ல பாலவாக்கத்துல வேற ஏதாவது பழகிட்டியா?

ஸ்நேஹா: டீதான்.

ஷகீலா: பழக்கடை வரைக்கும் போயி வரேன், லேட்டாவும். அவங்க பக்கத்துல கீற டீதான் நல்லாருக்கும்.

மீனாட்சி: மெதுவா வாங்க.

ஸ்நேஹா: இப்ப எதுக்குப் பாலவாக்கம்?

மீனாட்சி: சும்மா. உங்க பூஜா அங்கதானே இருக்கா. மாடியில நின்னா கடல் தெரியும்னு நீ போட்டோகூடப் போட்டிருந்தியே. ரெண்டு லேப்டாப், ரெண்டு காபி கப், நடுவுல வார்த்தைப் பட்டியல். என் கல்லாவுல ஃபேன் காத்துகூடச் சரியா வராது.

ஸ்நேஹா: அவ என் ஆபீஸ்ல வேலை பண்றா. நந்தனத்துலேர்ந்து ஒண்ணாக் கிளம்பறோம். அவ்வளவுதான்.

மீனாட்சி: நான் ஒண்ணும் கேக்கலையே.

ஸ்நேஹா: கேக்காம கேக்கறே.

மீனாட்சி: சரி, கேக்கறேன். எப்படி இருப்பா?

ஸ்நேஹா: எப்படின்னா?

மீனாட்சி: உயரமா, குட்டையா? உன் வயசா? புடவை கட்டுவாளா?

ஸ்நேஹா: இருபத்தாறு வயசு. சுடிதார்தான். ப்ரோக்ராம் நன்னா எழுதுவா. நம்ம குழுவோட நாலு வருஷப் பேச்சையும் எடுத்து, எந்த வார்த்தை எத்தனை தடவைன்னு ஒரே சாயங்காலத்துல எண்ணிட்டா.

மீனாட்சி: ஆகா.

ஸ்நேஹா: என்ன ஆகா?

மீனாட்சி: கெட்டிக்காரின்னு சொன்னேன். நாம எத்தனை நாள் எண்ணினோம்? நோட்டுல கோடு போட்டு, அஞ்சுக்கு ஒரு குறுக்குக் கோடு…

ஸ்நேஹா: நீ தூங்கிடுவே. நான்தான் எண்ணுவேன்.

மீனாட்சி: நீ பொய்யா எண்ணுவே. நான் திருத்துவேன்.

ஸ்நேஹா: …ஆமா. சிரிச்சு சிரிச்சு எல்லாத்தையும் விட்டுட்டு மறுபடி மொதல்லேர்ந்து…

மீனாட்சி: ஆறு மாசம் ஆச்சு.

ஸ்நேஹா: எனக்கு வேலை ஜாஸ்தி மீனு.

மீனாட்சி: எனக்கும்தான். ஆடித் தள்ளுபடி, நவராத்திரி, முகூர்த்தம். நான் வாராவாரம் உனக்கு ஒரு ஸ்டூலைத் துடைச்சு வச்சேன்.

ஸ்நேஹா: நீதான் எனக்கு பதில் எழுதறதை நிறுத்தினே.

மீனாட்சி: எப்ப நிறுத்தினேன்? சொல்லு. எந்த லெட்டருக்கு அப்புறம்?

ஸ்நேஹா: ஞாபகம் இல்லை.

மீனாட்சி: எனக்கு இருக்கு. நீ குழுவுக்குப் போட்ட முதல் அறிக்கை. 'இனிமே குட்டி வார்த்தைப் பட்டியலைப் பராமரிக்கறது நாங்க.' மிஹா. அடுத்த வரி, 'நாங்க ஒரு துணிக்கடை ரேக்கை உதாரணமா எடுத்துக்கிட்டோம்.' மிஹா. ஒரு பக்கத்துல பதினாலு மிஹா ஸ்நேஹா.

ஸ்நேஹா: டைப்போவா இருக்கும். ஓ-வுக்கு பதிலா ஆ. ஒரு எழுத்து.

மீனாட்சி: பதினாலு தடவையா? நீ இங்கிலீஷ்ல எழுதியிருந்தா, 'வி'ன்னு போயிருக்கும். நானும் அதுக்குள்ள இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன். இந்தப் பாஷையில அது முடியாது. தமிழ்லயும் முடியாது. படிக்கறவ நான். எனக்கு எழுதும்போது 'நாங்க'ன்னா, நான் வெளிய.

ஸ்நேஹா: அறிக்கைன்னா அப்படித்தான் எழுதுவா. கமிட்டி பேசறது, குழு கேக்கறது.

மீனாட்சி: ரேக்கு? அதுவும் கமிட்டியா? இந்த ரேக்கு பாலவாக்கத்துலயா இருக்கு?

ஸ்நேஹா: மெதுவாப் பேசு.

மீனாட்சி: ஏன்? கடையில யாருமில்ல. எனக்கு வயிறு எரிஞ்சுது ஸ்நேஹா. நேராவே சொல்றேன். வெக்கமாத்தான் இருக்கு. முப்பத்தஞ்சு வயசாச்சு, ரெண்டு பிள்ளை, வீட்டுக்காரர், இவ்வளவு பெரிய கடை… யாரோ ஒரு சுடிதார் பொண்ணு உன் பக்கத்துல உக்காந்து வார்த்தை எண்ணறான்னு எனக்குச் சோறு இறங்கல. அவர்கூடக் கேட்டார், 'யாராவது பெரிய ஆர்டரைத் தட்டிட்டுப் போயிட்டாங்களா'ன்னு.

ஸ்நேஹா: முத்துகிருஷ்ணன் சார்கிட்ட என்ன சொன்னே?

மீனாட்சி: ஆமான்னேன்.

ஸ்நேஹா: பூஜா அப்படியெல்லாம் இல்லை மீனு. அவளுக்கு இந்தப் பாஷை மேல பெரிய பிரியமே கிடையாது. எண்ணச் சொன்னா எண்ணுவா.

மீனாட்சி: பாவம். அவ காதுல விழாம இருக்கணும்.

ஸ்நேஹா: ஏன் இப்படிக் குத்தறே?

மீனாட்சி: ஓட்டு எப்படி நிக்குது?

ஸ்நேஹா: பதினொண்ணு, பதினொண்ணு. பேர் தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான் காட்டும். இன்னும் ஒரே ஒரு ஓட்டு பாக்கி. அதுக்குத்தான் ஓடி வந்தேன்.

மீனாட்சி: அது என்னோடதுன்னு எப்படித் தெரியும்?

ஸ்நேஹா: வேற யாரு? எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. எல்லாரும் போட்டாச்சுன்னுட்டா.

மீனாட்சி: பூஜா?

ஸ்நேஹா: மொத நாளே போட்டுட்டேன்னா.

மீனாட்சி: சரி. நான் எதுக்குப் போடணும்ங்கறே? 'நாம'வுக்கா, 'நாங்க'வுக்கா?

ஸ்நேஹா: 'நாங்க'வுக்கு. மிஹாவுக்கு. அதுதான் எங்க முன்மொழிவு. கோவப்படாம கேளு, இது நம்ம சண்டை இல்லை, கணக்கு. நாலு வருஷத்துல மிஹா மூவாயிரத்து நூறு தடவை வந்திருக்கு. மிஹோ தொள்ளாயிரம். ஜாஸ்தி சொல்றதுக்குத்தானே குட்டி வார்த்தை? நம்ம கட்டுரையிலயே அப்படித்தானே இருக்கு?

மீனாட்சி: இல்ல.

ஸ்நேஹா: என்ன இல்ல?

மீனாட்சி: அப்படி இல்ல. நீ பாதிதான் படிச்சிருக்கே.

ஷகீலா: டீ, டீ… தள்ளுங்கோ. இது சக்கரை கம்மி. ஸ்நேகாம்மா, இன்னா முகமே செரியில்ல?

ஸ்நேஹா: வெயில் ஷகீலாக்கா.

ஷகீலா: உள்ளாற வந்து அரை மணி நேரம் ஆச்சு, இன்னும் வெயிலா?

மீனாட்சி: ஷகீலாக்கா, போன வருஷம் அடையாறுலேர்ந்து ஒரு டான்ஸ் டீச்சர் வந்தாங்களே, பிள்ளைங்களுக்கெல்லாம் ஒரே கலர்ல தைக்க. எத்தனை மீட்டர் எடுத்தாங்க?

ஷகீலா: அத்த மறக்க முடியுமா? அரக்கு. நூத்தி இருவது மீட்டர். வெட்டி வெட்டி என் கை வீங்கிப் போச்சு.

மீனாட்சி: அதுக்கப்புறம் அரக்கை முன் ரேக்குக்குக் கொண்டாந்தோமா?

ஷகீலா: எதுக்கு? கேட்டது ஒரு பொம்பள. அவங்க வருசத்துக்கு ஒரு தபாதான் வருவாங்க. வெங்காயத்தோல் கலரு வாரத்துக்கு ஆறே மீட்டருதான் போவும், ஆனா டெய்லி ஒருத்தி வந்து கேப்பா. அதுதான் கைகிட்ட இருக்கணும்.

மீனாட்சி: கேட்டியா ஸ்நேஹா? மீட்டரை எண்ணக் கூடாது. வாயை எண்ணணும். உன் மூவாயிரத்து நூறுல எத்தனை வாய்?

ஸ்நேஹா: அப்படிப் பிரிச்சு…

மீனாட்சி: நான் பிரிச்சுப் பாத்தேன். ஆயிரத்து எண்ணூறு நீங்க ரெண்டு பேர் எழுதின அறிக்கை. நாங்க சேர்த்தோம், நாங்க நீக்கினோம், நாங்க பரிசீலிச்சோம். மிச்சத்துல முக்காவாசி இன்னும் ரெண்டு பேர். ஆனா மிஹோவை இருபத்திரண்டு பேர் சொல்லியிருக்காங்க. 'நாம நாளைக்குப் பேசலாமா', 'நாம ரெண்டு பேரும் சேந்து மொழிபெயர்க்கலாமா'… ஒரே ஒருத்தரைத் தவிர எல்லாரும்.

ஸ்நேஹா: இரு. இருபத்திரண்டுன்னா… இருபத்திமூணாவது?

மீனாட்சி: நீ. ஆறு மாசமா நீ ஒரு தடவைகூட மிஹோ சொல்லல. அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் என்கிட்ட. கடையில, வாயால. அது எண்ணிக்கையில வராது.

ஷகீலா: அடேங்கப்பா…

மீனாட்சி: நீங்களே நூத்தி இருபது மீட்டர் வாங்கிட்டு, நீங்களே 'பாருங்க, இது ரொம்பப் போகுது'ன்னு முன் ரேக்குல வைக்கச் சொல்றீங்க. இதுல என்ன கணக்கு?

ஷகீலா: வாங்கம்மா, வாங்க… வாடாமல்லியா? பார்டர் கலருக்கா, பாடி கலருக்கா? இப்டி வாங்க, அந்தாண்ட லைட்டு நல்லாருக்கும்.

ஸ்நேஹா: இதை… இதை எப்ப யோசிச்சே?

மீனாட்சி: எதை?

ஸ்நேஹா: மீட்டரை எண்ணக் கூடாது, வாயை எண்ணணும்ங்கறதை.

மீனாட்சி: இதுல யோசிக்க என்ன இருக்கு? ஷகீலாக்காவே சொல்றாங்களே.

ஸ்நேஹா: அதான். அதான் மீனு. இதுல யோசிக்க என்ன இருக்குங்கறே.

மீனாட்சி: ஏன் குரல் ஒரு மாதிரி ஆகுது?

ஸ்நேஹா: நான் மொழியியல்ல எம்.ஏ. ரெண்டு வருஷம் படிச்சேன். இந்த மாதிரி ஒரு வரி சொல்ல என்னால முடியலை. நீ ப்ளவுஸ் பிட்டு வெட்டிண்டே சொல்லிட்டே.

மீனாட்சி: போச்சு போ. இப்ப என்னைப் புகழ்ந்து ஓட்டு வாங்கப் பாக்கறியா?

ஸ்நேஹா: புகழலை.

மீனாட்சி: மணி என்ன?

ஸ்நேஹா: மூணு முப்பத்தெட்டு.

மீனாட்சி: சரி, விடு. என்னத்துக்கு இந்த வீம்பு. படிச்சவ நீ. நாலு பேர் உன்னைக் கேட்டு நடக்கறாங்க. நான் ஒரு துணிக்கடைக்காரி, கோவத்துல ஏதாவது பேசுவேன். உனக்குத் தோத்தா அசிங்கமாப் போயிடும் இல்ல?

ஸ்நேஹா: மீனு…

மீனாட்சி: அந்த போனை எடு, ஸ்கேலுக்குப் பக்கத்துல இருக்கு பாரு. 'நாங்க'வுக்கே போட்டுடறேன். உன் பட்டியல், நீ பாத்துக்கோ. உனக்குன்னு ஒரு தடவை விட்டுக் குடுத்தா நான் என்ன தேஞ்சா போயிடுவேன்?

ஸ்நேஹா: வேண்டாம்.

மீனாட்சி: இப்பத்தானே கேட்டே?

ஸ்நேஹா: கேட்டேன். இப்ப வேண்டாம்ங்கறேன். போனைக் கீழ வை.

மீனாட்சி: நேரம் ஆகுது…

ஸ்நேஹா: அது என் பட்டியல் இல்லை.

மீனாட்சி: அப்புறம் யாரோடது? பூஜாவோடதா?

ஸ்நேஹா: உன்னோடது. நம்ம கட்டுரை ரெண்டு பேர் பேர்லதான் போச்சு. ஆனா மெயில் அட்ரஸ் என்னோடது. பத்து நாள் கழிச்சு குழுவுலேர்ந்து ஒரு லெட்டர் வந்தது. 'ரேக்கைப் பத்தின பகுதியை எழுதினது யாரு? அந்தப் பகுதிதான் எங்களை உலுக்கிடுத்து. பட்டியலைப் பராமரிக்கற பொறுப்பை அவாகிட்டக் குடுக்க ஆசைப்படறோம்.' அது உன்னோட பகுதி. ஒரு வரிகூட நான் மாத்தலை. எழுத்துப்பிழை மட்டும் பாத்தேன்.

மீனாட்சி: நீ என்ன பதில் போட்டே?

ஸ்நேஹா: 'மீனாட்சிக்குக் கடை இருக்கு, நேரம் கிடையாது. நாங்க பாத்துக்கறோம்'னு.

மீனாட்சி: 'நாங்க'ன்னா யாரு? அப்ப பூஜா எங்க இருந்தா?

ஸ்நேஹா: எங்கயும் இல்லை. ஆபீஸ்ல நாலு சீட் தள்ளி இருந்தா. லோஜ்பான்னா என்னன்னே தெரியாது. 'நான் பாத்துக்கறேன்'னு எழுதக் கை வரலை மீனு. திருட்டு மாதிரி இருந்தது. 'நாம பாத்துக்கறோம்'னு அவாகிட்ட எழுத முடியாது. அதனால மிஹான்னு எழுதினேன். எழுதி அனுப்பிட்டு, ராவெல்லாம் முழிச்சுண்டு, மறுநாள் காலையில ஆபீஸ் போய் ஒரு ஆளைத் தேடினேன். இந்தப் பாஷையில பொய் சொன்னா அது அப்படியே நின்னுண்டிருக்கு. அதை நிஜமாக்கறதுக்குத்தான் பூஜா.

மீனாட்சி: ஏன்டி?

ஸ்நேஹா: என்ன ஏன்?

மீனாட்சி: என்கிட்டக் காட்டியிருந்தா, 'நீயே பண்ணு ஸ்நேஹா, எனக்கெதுக்கு'ன்னுதான் சொல்லியிருப்பேன்.

ஸ்நேஹா: அதனாலதான். நீ அப்படித்தான் சொல்லியிருப்பே. நீ வேண்டாம்னு தூக்கிப் போட்டதை நான் பொறுக்கி எடுத்துண்ட மாதிரி ஆகியிருக்கும். என்னால அது தாங்காது. பொறாமை மீனு. வேற என்ன பேர் வைக்கறது? உனக்கு இந்தப் பாஷையைச் சொல்லிக் குடுத்ததே நான். 'மி'ன்னா நான், 'டோ'ன்னா நீன்னு இதே ஸ்டூல்ல உக்காந்து சொல்லிக் குடுத்தேன். ஒரே வருஷத்துல நீ என்னைத் தாண்டிப் போயிட்டே. அதுவும் போறோம்னு தெரியாமயே போனே. சனிக்கிழமை இங்கே வந்து உன் மூஞ்சியைப் பாக்க முடியலை. அதான் பாலவாக்கம்.

மீனாட்சி: அழாதே. கஸ்டமர் பாக்கறாங்க.

ஸ்நேஹா: நீ யாரோ பூஜா மேல பொறாமைப்பட்டே. அவளைப் போய் ஒரு ஆளுன்னு நெனச்சு… எனக்கு உள்ளூர சந்தோஷமா இருந்தது, தெரியுமா? நல்ல வேளை, இவ தப்பான எடத்துல தேடறான்னு.

மீனாட்சி: ம்.

ஸ்நேஹா: நாலு மணி முடிஞ்சதும் நானே எல்லாருக்கும் எழுதிடறேன். அந்த லெட்டரையும் சேத்து. நீ 'நாம'வுக்குப் போடு. நீ சொன்னதுதான் சரி. பட்டியலை நீ எடுத்துக்கோ. நான் முன்ன மாதிரி சனிக்கிழமை வந்து கோடு போட்டு எண்ணறேன்… மீனு? ஏதாவது பேசு. திட்டு. அந்த லெட்டர் விஷயம் யாருக்கும் தெரியாது, இப்பத்தான் மொதல் தடவையா வாயைத் திறக்கறேன்.

மீனாட்சி: எனக்குத் தெரியும்.

ஸ்நேஹா: தெரியுமா? எப்படி?

மீனாட்சி: பூஜா காட்டினா. எண்ணறதுக்கு நீ குடுத்த பழைய மெயிலோட அதுவும் வந்திருக்கு. கட்டுரையில என் பேரைப் பாத்துட்டு, அந்த ரேக்கை நேர்ல பாக்கணும்னு ரெண்டு மாசம் முன்னாடி தேடிக்கிட்டு வந்தா. அன்னைலேர்ந்து வியாழக்கிழமை வியாழக்கிழமை வர்றா, நீ இப்ப உக்காந்திருக்கற ஸ்டூல்லதான் உக்காருவா. என் ஓட்டு மொத நாளே விழுந்தாச்சு ஸ்நேஹா, 'நாம'வுக்கு. இப்பப் போடறேன்னது, நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான். பாக்கியிருக்கறது அவளோடது. அதை எதுக்குப் போடறதுன்னு நாங்க போன வாரமே முடிவு பண்ணிட்டோம்.